முதல் ரன்னிங் ஷூ வாங்கறவங்களுக்கு: காலை அளக்கறதுல இருந்து பழசை ஒதுக்கற வரைக்கும் முழு வழிகாட்டி

சென்னைல காலைல பீச் ரோட்டுலயோ, வீட்டுப் பக்கத்து பார்க்லயோ, ஈசிஆர்லயோ ஓட ஆரம்பிச்சிருக்கறவங்க, இல்ல ஜனவரில வர்ற சென்னை மாரத்தானுக்கு 10 கிலோமீட்டரோ ஹாஃப் மாரத்தானோ பேர் குடுத்துட்டு முதல் தடவையா நல்ல ஷூ தேடறவங்க, இவங்களுக்காகத்தான் இதை எழுதறேன். எங்க ரன்னிங் குரூப்புக்கு புதுசா வர்றவங்க கூட கடைக்குப் போயி பக்கத்துல உக்காந்து பாக்கறப்ப ஒரே விஷயம்தான் திரும்பத் திரும்ப நடக்குது. முதல்ல ப்ராண்டு, அப்புறம் கலர், அப்புறம் எவ்வளவு ஆஃபர்னு பாக்கறாங்க, கடைசிலதான் கால் ஞாபகத்துக்கு வருது. அந்த வரிசையை அப்படியே தலைகீழா மாத்தணும். கீழ இருக்கற ஒண்ணொண்ணையும் இதே வரிசைல பண்ணுங்க, ஏன்னா ஒரு படில கிடைக்கற பதில்தான் அடுத்த படிக்கு வேணும்.

1. கடைக்குப் போறதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது

எதுல ஓடறீங்கன்னு முதல்ல பாருங்க. தார் ரோடு, காங்க்ரீட், பார்க்ல பேவர் ப்ளாக் பதிச்ச பாதை, இதுல ஓடறதுன்னா ரோடு ஷூ. ஆழமான பட்டன் பட்டனா பல்லு வெச்ச ட்ரெயில் ஷூ மண்ணுக்கும் கல்லுக்கும் செஞ்சது, அதைப் போட்டு தினமும் தார் ரோட்டுல ஓடினா அந்தப் பல்லு சீக்கிரமே மழுங்கிடும், காலுக்கும் முரட்டுத்தனமா இருக்கும். ஜிம் ஷூ, பேட்மின்டன் ஷூ, வாக்கிங் ஷூ எதையும் ஓட்டத்துக்கு எடுக்காதீங்க. ஜிம் ஷூ பக்கவாட்டு அசைவுக்கும் வெயிட் தூக்கறதுக்கும் தட்டையா, கெட்டியா செஞ்சிருப்பாங்க, ஓடறப்ப ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல ரெண்டு மூணு மடங்கு காலுக்கு வருது, அதைத் தாங்கற நுரை அதுல இருக்காது.

வாரத்துக்கு எவ்வளவு ஓடறீங்க? 10, 15 கிலோமீட்டர்னா சாதாரண விலை ஷூவே போதும். 30க்கு மேல போறவங்களுக்குத்தான் கொஞ்சம் அதிகமா செலவு பண்றதுல அர்த்தம் இருக்கு.

சுகர் இருக்கறவங்க, குறிப்பா பாதத்துல உணர்ச்சி கம்மியா இருக்கு, மரத்துப்போன மாதிரி இருக்குன்னு தெரிஞ்சவங்க, தயவுசெஞ்சு முதல்ல டாக்டர்கிட்ட காலைக் காட்டிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. ஷூ கடிச்சாக்கூட தெரியாம இருக்கறதுதான் அங்க ஆபத்து, சின்ன கொப்புளம் பெரிய புண்ணாயிடும். குதிகால்லயோ முட்டியிலயோ ஏற்கெனவே வலி இருக்கறவங்களும் ஷூ மாத்தினா சரியாயிடும்னு மட்டும் நம்பி இருக்காதீங்க, பிசியோகிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

ரேஸ் தேதி இருந்தா அதுக்கு குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிடுங்க. ஜனவரி ரேஸ்னா அக்டோபர் கடைசிலயே வாங்கிடறது நல்லது. அப்புறம் நவம்பர், டிசம்பர் மழைல பாதி நாள் ஓடவே முடியாது, ஷூ காலுக்குப் பழகறதுக்கு நேரம் இருக்காது.

2. காலை அளக்கறது: இதைத் தாண்டிப் போகாதீங்க

சாயங்காலம் அளங்க. நாள் பூரா நின்னு நடந்து சாயங்காலம் ஆறப்ப கால் கொஞ்சம் வீங்கி இருக்கும், ஓடறப்பவும் அதே மாதிரி வீங்கும், நம்ம ஊர் வெக்கைல இன்னும் அதிகம். காலைல அளந்து வாங்கின ஷூ ஆறாவது கிலோமீட்டர்ல இறுக்க ஆரம்பிக்கறதுக்கு இதுதான் காரணம்.

எந்த சாக்ஸ் போட்டு ஓடப் போறீங்களோ அதைப் போட்டுக்குங்க. ஒரு ஏ4 தாளை செவுத்தோட ஒட்டி தரைல வெச்சு, குதிகால் செவுத்துல படற மாதிரி நில்லுங்க. உக்காந்துட்டு அளக்கக் கூடாது, எடை இறங்கினாத்தான் கால் நீளமும் அகலமும் நிஜமா தெரியும். வீட்டுல இன்னொருத்தரை பென்சிலை செங்குத்தா புடிச்சு விரல் நுனில கோடு போடச் சொல்லுங்க, நீங்களே குனிஞ்சா எடை முன்னாடி சாஞ்சு அளவு மாறிடும்.

ரெண்டு காலையும் அளங்க, நிறைய பேருக்கு ஒண்ணு கொஞ்சம் பெருசா இருக்கும், பெரிய காலுக்குத்தான் வாங்கணும். நீளமான விரல் எதுன்னும் பாருங்க. கட்டை விரல்தான் நீளம்னு எல்லாரும் நினைச்சுக்கறாங்க, நிறைய பேருக்கு ரெண்டாவது விரல் அதைத் தாண்டி நிக்கும். கட்டை விரலுக்கு இடம் பாத்து வாங்கிட்டு ரெண்டாவது விரல் நகம் கறுத்துப் போச்சுன்னு வர்றவங்க நிறைய.

அடுத்தது அகலம். இதுலதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கறாங்க. சின்ன வயசுல இருந்து வெறுங்கால், செருப்புன்னே வளர்ந்த கால் முன்பக்கம் விரிஞ்சு இருக்கும், 2009ல வந்த ஒரு ஆய்வுல வெறுங்கால்லயே நடந்து பழகின இந்தியர்களோட பாதத்தை ஷூ போட்டுப் பழகினவங்களோட ஒப்பிட்டப்ப முன்பாதம் அகலமா இருந்தது பதிவாகியிருக்கு. நம்ம அடையார்ல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் 2021 டிசம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல பேரோட பாதத்தை அளந்து பாத்து, இந்தியர்களோட பாதம் பொதுவா ஐரோப்பிய, அமெரிக்க பாதத்தை விட அகலம்னு சொல்லியிருக்கு. ஆனா கடைல கிடைக்கற பெரும்பாலான ஷூ இன்னும் வெளிநாட்டு அளவுலதான் வருது. அதனால தாள்ல சுண்டு விரல் மூட்டுல இருந்து கட்டை விரல் மூட்டு வரைக்கும், அதாவது பாதம் ரொம்ப அகலமா இருக்கற இடத்துல, ஒரு கோடு போட்டு அதையும் அளந்து எழுதி வெச்சுக்குங்க.

இந்தத் தாளை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்குங்க, கடைல உதவும்.

3. சைஸ் நம்பர்: யூகே 8ங்கறது எல்லா கம்பெனிலயும் ஒண்ணு இல்ல

"எனக்கு எப்பவும் எட்டுதான்"னு சொல்லிட்டு கடைக்குள்ள நுழையறதுதான் ரொம்ப சகஜமான தப்பு. ஆண்கள் ஷூல ஆசிக்ஸ் யூகே 8 எடுத்தா பெட்டில 27 சென்டிமீட்டர்னு இருக்கும், அடிடாஸ் யூகே 8 எடுத்தா 26.5னு இருக்கும். ஒரே எட்டு, அரை சென்டிமீட்டர் வித்தியாசம், ஓட்டத்துக்கு அது ரொம்பப் பெருசு, ஏன்னா அரை சைஸ்ங்கறதே 4 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதுக்கு மேல உங்களோட ஆபீஸ் ஷூ எட்டுன்னா அது ஓட்டத்துக்கான எட்டு கிடையாது.

அதனால யூகே, யூஎஸ் ரெண்டையும் விட்டுடுங்க. பெட்டி மேலயும் ஷூ நாக்குக்கு உள்பக்கம் இருக்கற லேபிள்லயும் சென்டிமீட்டர்ல ஒரு நம்பர் இருக்கும், சிலதுல ஜேபி, அதாவது ஜப்பான் அளவுன்னு போட்டிருக்கும். உங்க பெரிய காலோட நீளத்தை விட அரை சென்டிமீட்டர்ல இருந்து ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் அதிகமா இருக்கற நம்பர்ல ஆரம்பிங்க. 25.8 கால் இருந்தா 26.5 போட்டுப் பாருங்க, பத்தலன்னா 27. ஆன்லைன்ல வாங்கறவங்களுக்கு இதைத் தவிர வேற வழியே இல்ல.

அகலத்துக்கும் குறியீடு இருக்கு. ஆண்கள் ஷூல டி சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ ரொம்ப அகலம். பெண்கள் ஷூல பி சாதாரணம், டி அகலம். ஆசிக்ஸ், நியூ பேலன்ஸ், ப்ரூக்ஸ் மாதிரி கம்பெனிகள் சில மாடல்ல அகல வகையும் செய்யறாங்க, கடை அலமாரில வெளிய இருக்காது, கேட்டாத்தான் உள்ள இருந்து எடுத்து வருவாங்க, இல்லன்னா அவங்க வெப்சைட்ல இருக்கும். அகலம் பத்தலன்னு ஒரு சைஸ் பெருசா வாங்கிடறது ரொம்பப் பேர் பண்றது. அப்படி வாங்கினா முன்னாடி இடம் தேவைக்கு மேல இருக்கும், ஷூ மடங்கற இடமும் கால் மடங்கற இடமும் ஒண்ணா இருக்காது, குதிகால் உள்ள ஏறி இறங்கும், கொப்புளம் வரும். பெண்கள்ல அகலமான பாதம் இருக்கறவங்க அதே சென்டிமீட்டர் நம்பர்ல ஆண்கள் மாடலைப் போட்டுப் பாக்கலாம், சாதாரண அகலமே அதுல கூடுதல், குதிகால் மட்டும் லூசா இருக்கான்னு கவனிங்க.

4. எந்த வகை: முதல் ஷூவுக்கு நியூட்ரல் டெய்லி ட்ரெயினர் போதும்

கடைல நியூட்ரல், ஸ்டெபிலிட்டி, மேக்ஸ் குஷன், கார்பன் ப்ளேட்னு பேசுவாங்க. பாதம் உள்பக்கம் சாயறதைத் தடுக்கற அமைப்பு இருந்தா ஸ்டெபிலிட்டி, அது இல்லாத சாதாரண ஷூ நியூட்ரல், நுரை ரொம்ப தடிமனா இருந்தா மேக்ஸ் குஷன், தினசரி ஓட்டத்துக்கு செஞ்சது டெய்லி ட்ரெயினர். முதல் ஷூவுக்கு என்னோட பதில் தெளிவா ஒண்ணுதான்: நியூட்ரல் டெய்லி ட்ரெயினர். நைக்கி பெகாசஸ், ப்ரூக்ஸ் கோஸ்ட் இதெல்லாம் அந்த வகை, இதே மாதிரி எல்லா கம்பெனிலயும் விலை கம்மியா ஒண்ணு ரெண்டு இருக்கும்.

ஈரக்காலை தரைல வெச்சு அச்சைப் பாத்து, தட்டைப்பாதம்னா ஸ்டெபிலிட்டி ஷூதான் வாங்கணும்னு ஒரு பழக்கம் இருக்கு. அமெரிக்க ராணுவத்துலயும் விமானப்படைலயும் மரைன் படைலயும் பயிற்சிக்கு சேர்ந்தவங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு பாத வளைவைப் பாத்து ஷூ குடுத்து, இன்னொரு பாதிக்கு எல்லாருக்கும் ஒரே வகை குடுத்துப் பாத்தாங்க, காயம் படறதுல பெருசா வித்தியாசமே இல்ல. ஆசிக்ஸ் ஜெல்-கயானோ மாதிரி ஸ்டெபிலிட்டி ஷூ வேண்டாம்னு சொல்லல, கணுக்கால் நல்லா உள்பக்கம் சாயறவங்களுக்கு அது உதவலாம், போட்டு ஓடிப் பாத்து சுகமா இருந்தா எடுங்க. அச்சை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

குதிகால் பக்கத்துக்கும் முன்பக்கத்துக்கும் இருக்கற உயர வித்தியாசத்தை ட்ராப்னு சொல்வாங்க. 8ல இருந்து 10 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கறது புதுசா ஓடறவங்களுக்கு நல்லா ஒத்துப் போகும். ட்ராப் கம்மியா ஆக ஆக கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் வேலை அதிகமாகும், இத்தனை வருஷம் ஓடாத உடம்பு திடீர்னு அதைத் தாங்காது. ஆல்ட்ரா மாதிரி ஜீரோ ட்ராப் ஷூவுக்கு முன்பக்கம் நல்ல அகலம் உண்டு, அதைப் பாத்து ஆசை வரும், வாங்கினா வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு நாள்னு மெதுவா ஏத்துங்க.

நுரைக்குள்ள கெட்டியான கார்பன் தகடு வெச்ச கார்பன் ப்ளேட் ஷூ வேண்டாம். வேகமா ஓடறவங்க ரேஸ் அன்னைக்கு போடறதுக்கு செஞ்சது, விலை அதிகம், அடில ரப்பரை எடை குறைக்கறதுக்காக கம்மி பண்ணியிருப்பாங்க, மெதுவா ஓடறப்ப உயரமான மெத்து நுரைல கணுக்கால் ஆடும்.

5. கைல எடுத்துப் பாக்கறது: எவ்வளவு நாள் உழைக்கும்னு இங்கயே தெரியும்

கால்ல போடறதுக்கு முன்னாடி ஷூவைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்க. குதிகாலோட வெளி ஓரத்துலயும் முன்பாதத்துக்கு அடிலயும் நல்ல ரப்பர் இருக்கான்னு பாக்கணும், பெரும்பாலானவங்களுக்கு முதல்ல தேயற இடம் அது ரெண்டுதான். எடை குறையணும்னு சில மாடல்ல ரப்பரே இல்லாம வெறும் நுரையை தரைல விட்டிருப்பாங்க, தொட்டுப் பாத்தா தெரியும், ரப்பர் நகத்தால அழுத்தினா பள்ளம் விழாது, நுரைன்னா நகம் பதியும். சொரசொரப்பான காங்க்ரீட்ல அந்த நுரை நிக்காது. குதிகால்ல கெட்டி கார்பன் ரப்பரும், முன்னாடி கொஞ்சம் மெதுவான ரப்பரும் இருக்கற ஷூதான் நம்ம ரோட்டுக்கு சரி.

அடுத்து குதிகாலைச் சுத்தி பின்பக்கம் இருக்கற கிண்ணம். கட்டை விரலால உள்பக்கம் அமுக்குங்க, சுலபமா மடிஞ்சு போகக் கூடாது, அது மடிஞ்சா குதிகால் உள்ள ஆடும். அப்புறம் ஷூவோட முன்னையும் பின்னையும் புடிச்சு வளைச்சுப் பாருங்க, விரல்கள் ஆரம்பிக்கற இடத்துல மடங்கணும். நடுவுல ரெண்டா மடங்குதுன்னா வெச்சுடுங்க. துணி முறுக்கற மாதிரி முறுக்கிப் பாத்தா கொஞ்சம் எதிர்த்து நிக்கணும். ரொம்ப உயரமான நுரை இருக்கறது சிலது வளையவே வளையாது, முன்பக்கம் படகு மாதிரி தூக்கி இருக்கும், அது பாதத்தை உருட்டி விடறதுக்கு, அந்த வகைக்கு இந்த வளைக்கற சோதனை பொருந்தாது.

மேல்துணி காத்து போற வலையா இருக்கணும், நம்ம ஊர் வேர்வைக்கு வேற எதுவும் தாங்காது. தண்ணி உள்ள போகாத கோர்டெக்ஸ் வகையை மழைக்குன்னு வாங்கறாங்க, மேல திறந்திருக்கற கணுக்கால் வழியா தண்ணி உள்ள வந்துடும், வந்த தண்ணி வெளிய போகாது, உள்ள வேர்த்தும் கொட்டும். கட்டை விரல் மேல வர்ற இடத்துல துணி கொஞ்சம் தடிமனா, இல்ல மேல பூச்சு குடுத்து இருந்தா நல்லது, நகம் குத்தி ஓட்டை விழறது அங்கதான்.

கடைசியா தயாரிச்ச தேதி. பெட்டில மாசமும் வருஷமும் அச்சடிச்சிருக்கும், நாக்கோட உள் லேபிள்லயும் நிறைய கம்பெனி போடுவாங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் பழசுன்னா பரவாயில்ல. மூணு, நாலு வருஷம் குடோன்ல இருந்த ஜோடி எவ்வளவு தள்ளுபடில குடுத்தாலும் யோசிங்க. கடலோர ஈரக்காத்துல பசை விட்டுப் போகும், பாலியூரித்தேன் நுரையா இருந்தா ஈரத்துல உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு, பாக்கறதுக்கு புதுசா இருக்கும், போட்டு நாலு நாள்ல பொடிப் பொடியா உதிரும். வருஷக்கணக்கா ஷூ ராக்ல பத்திரமா வெச்சிருந்த ஷூவோட அடி அப்படியே பேர்ந்து வர்றதும் இதனாலதான்.

6. போட்டுப் பாக்கறது: அவசரப்படாதீங்க

சாயங்காலம் போங்க, ஓடற சாக்ஸோட போங்க. கடைல குடுக்கற மெல்லிசு சாக்ஸ் போட்டுப் பாத்தா கணக்கு தப்பும்.

முதல்ல உள்ள இருக்கற இன்சோலை உருவி தரைல வெச்சு அது மேல ஏறி நில்லுங்க. இது ஒரு நிமிஷ வேலை, ஆனா இதுல தெரியற மாதிரி வேற எதுலயும் தெரியாது. குதிகால் அந்தக் குழில உக்காந்திருக்கணும், நீளமான விரலுக்கு முன்னாடி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கணும். இப்ப சுண்டு விரல் பக்கம் பாருங்க. பாதத்தோட சதை இன்சோலோட ஓரத்தைத் தாண்டி தரைல தொங்குதா? தொங்குச்சுன்னா அந்த ஷூக்குள்ள அந்த சதை ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துத் துணியைத் தள்ளிட்டே இருக்கும், முதல்ல சுண்டு விரல்ல கொப்புளம், அப்புறம் அதே இடத்துல துணி கிழியும். காலுக்கும் கெடுதல், ஷூவும் பாதி ஆயுசுலயே போயிடும். அகல வகை கேளுங்க, இல்லன்னா வேற மாடல்.

இன்சோலைத் திரும்ப வெச்சு ரெண்டு காலுக்கும் போட்டு, குதிகாலை தரைல தட்டி பின்னாடி உக்கார வெச்சுட்டு லேஸ் கட்டுங்க. எழுந்து நின்னு, கூட வந்தவங்களை முன்னாடி அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க, நீளமான விரலுக்கும் நுனிக்கும் நடுவுல ஒரு சென்டிமீட்டர் இருக்கணும். உக்காந்துட்டு இருக்கறப்பவே சேல்ஸ் பையன் அமுக்கிட்டு "கரெக்டா இருக்கு சார்"னு சொல்வாரு, அதை ஏத்துக்காதீங்க, நின்னா கால் இன்னும் முன்னாடி வரும். விரல்களை உள்ள விரிச்சு ஆட்டிப் பாருங்க, பியானோ வாசிக்கற மாதிரி எல்லா விரலும் தனித்தனியா அசையணும். பாத நடுவுல புடிமானம் வேணும், விரல் பக்கம் சுதந்திரம் வேணும்.

"போடப் போட லூசாயிடும்"னு சொல்வாங்க. தோல் செருப்புக்கும் தோல் ஷூவுக்கும் அது உண்மை. ரன்னிங் ஷூவோட மேல்துணி பாலியஸ்டர், நைலான், அது விரிஞ்சு குடுக்காது. கடைல இறுக்கமா இருந்தா 300 கிலோமீட்டர் கழிச்சும் இறுக்கமாத்தான் இருக்கும்.

அப்புறம் ஓடுங்க. கடைக்குள்ள எல்லாரும் பாக்கறாங்களேன்னு வெக்கப்படாதீங்க, காசு உங்களோடது. சில கடைல ட்ரெட்மில்லே இருக்கும், இல்லன்னா இந்த மூலைல இருந்து அந்த மூலைக்கு நாலஞ்சு தடவை மெதுவா ஓடினாப் போதும். மாடிப்படி இருந்தா இறங்கிப் பாருங்க, விரல் முன்னாடி போயி இடிச்சா சின்னது, குதிகால் பின்னாடி ஏறி இறங்கினா பெருசு, இல்ல உங்க குதிகால் வடிவத்துக்கு அது பொருந்தல. ரெண்டு மூணு மாடலை ஒரே நேரத்துல எடுத்து, ஒரு கால்ல ஒண்ணும் இன்னொரு கால்ல இன்னொண்ணுமா போட்டு மாத்தி மாத்தி ஓடிப் பாத்தா வித்தியாசம் உடனே தெரியும்.

நின்ன இடத்துல மெத்து மெத்துனு இருக்கறதை மட்டும் வெச்சு ஏமாந்துடாதீங்க. மெமரி ஃபோம் இன்சோல் போட்ட வாக்கிங் ஷூ கடைல எல்லாத்தையும் விட சுகமா இருக்கும், அந்த மெத்தை மேல இருக்கற மெல்லிசு அடுக்கு மட்டும்தான், கொஞ்ச நாள்ல அமுங்கிடும். ஓட்டத்துக்கு கணக்கு அதுக்குக் கீழ இருக்கற நடு நுரைதான்.

கடைசில ரெண்டு மாடலுக்கு நடுவுல தடுமாறினா, ஓடறப்ப எது கால்ல இருக்கறதே தெரியலையோ அதை எடுங்க. இதை நான் சும்மா சொல்லல, ஓட்டத்தோட உடல் இயக்கத்தைப் பல வருஷமா ஆராய்ஞ்ச பென்னோ நிக்கும் அவர் கூட இருந்தவங்களும் 2015ல எழுதின கட்டுரைல, ஷூ தேர்வுல ஓடறவங்க உணர்ற சுகத்தையே முதல் அளவுகோலா வெக்கலாம்னு சொல்லியிருக்காங்க.

7. விலை, ஆன்லைன், தள்ளுபடி

சுமாரா 3,000ல இருந்து 5,000 ரூபாய்க்குள்ள வாரம் 10, 15 கிலோமீட்டர் ஓடறவங்களுக்கு உருப்படியான ஷூ கிடைக்குது, டெகாத்லான்லயும் மத்த கம்பெனிகளோட ஆரம்ப மாடல்லயும் பாருங்க. ஹாஃப் மாரத்தானுக்குப் போறவங்க 6,000ல இருந்து 10,000 வரைக்கும் வெச்சுக்குங்க. அதுக்கு மேல குடுக்கற காசு நுரையோட துள்ளலுக்கும் எடை குறைவுக்கும் போகுது, உழைப்புக்கு இல்ல, விலை கூடினா நீண்ட நாள் வரும்னு கணக்கு போடாதீங்க.

காசு மிச்சம் பண்ண நல்ல வழி போன வருஷ மாடல். புது வெர்ஷன் வந்ததும் பழசு விலை நல்லா இறங்கும், ரெண்டுக்கும் நடுவுல பெரும்பாலும் சின்ன மாத்தம்தான். தயாரிச்ச தேதியை மட்டும் பாத்துக்குங்க. ஆன்லைன்ல வாங்கினா ரிட்டர்ன் எத்தனை நாள்னு படிச்சுட்டு, வீட்டுக்குள்ள சுத்தமான தரைல மட்டும் போட்டு ஓடிப் பாருங்க, அடில அழுக்கு பட்டா திரும்ப எடுக்க மாட்டாங்க.

ஃபர்ஸ்ட் காப்பி வாங்காதீங்க. மேல லோகோ அச்சு அசலா இருக்கும், உள்ள நுரை என்னன்னு யாருக்கும் தெரியாது. அதே 1,500 ரூபாய்க்கு பேர் தெரியாத கம்பெனியோட உண்மையான ரன்னிங் ஷூ அதை விட எவ்வளவோ மேல்.

சாக்ஸுக்கும் 300, 400 ரூபாய் ஒதுக்குங்க. காட்டன் சாக்ஸ் வேர்வையை உறிஞ்சி ஈரமாவே புடிச்சு வெச்சுக்கும், ஈரத்தோல் உரசினா கொப்புளம்தான். பாலியஸ்டர், நைலான் கலந்த ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் எடுங்க.

8. முதல் ரெண்டு வாரம்

வாங்கின மறுநாளே நீள ஓட்டம் வேண்டாம். வீட்டுல ஒரு நாள், அப்புறம் மூணு கிலோமீட்டர், அஞ்சு கிலோமீட்டர்னு ஏத்துங்க. பழைய ஷூ இருந்தா ஒரு நாள் அது, ஒரு நாள் இது.

சின்னச் சின்ன தொந்தரவுக்கு லேஸ்லயே வைத்தியம் இருக்கு. குதிகால் லேசா ஏறி இறங்கினா, மேல கடைசில தனியா ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க, அதை யாருமே உபயோகிக்கறதில்ல. லேஸை அதே பக்கத்துல இருக்கற அந்த ஓட்டைக்குள்ள விட்டு சின்ன வளையமா நிறுத்துங்க, ரெண்டு பக்கமும் அப்படிப் பண்ணிட்டு, வலது லேஸை இடது வளையத்துக்குள்ளயும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளயும் விட்டு கீழ்ப்பக்கமா இழுத்து முடிச்சு போடுங்க. கணுக்கால்கிட்ட புடிச்சுக்கும், முன்பக்கம் இறுகாது. பாதத்து மேல அழுத்தம், விரல் மரத்துப் போகுதுன்னா, வலிக்கற இடத்துல மட்டும் ஒரு குறுக்குக் கட்டை விட்டுட்டு நேரா மேல கொண்டு போங்க.

நகத்தை ஒட்ட வெட்டுங்க. நகம் நீளமா இருந்தா எவ்வளவு இடம் விட்டு வாங்கினாலும் கறுக்கும், ஷூலயும் ஓட்டை விழும். இதெல்லாம் பண்ணியும் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வலிச்சா ஷூவை நிறுத்திடுங்க, பழகிக்கலாம்னு இழுக்காதீங்க.

9. பராமரிப்பு: வெயிலும் வேர்வையும்தான் எதிரி

ஓட மட்டும் போடுங்க. அதையே போட்டு மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட், ஆபீஸ்னு சுத்தினா அந்த கிலோமீட்டரும் நுரை மேலதான் ஏறும்.

ஓடி முடிச்சு வந்ததும் லேஸை அவிழ்த்து இன்சோலை வெளிய எடுத்து வெச்சுடுங்க. லேஸை அவிழ்க்காம குதிகாலால மிதிச்சுக் கழட்டற பழக்கத்தை விட்டுடுங்க, பின்னாடி கிண்ணம் உடையறதும் உள் துணி கிழியறதும் அதுலதான்.

மொட்டை மாடி வெயில்ல காய வெக்காதீங்க. நுரை சுருங்கும், பசை இளகும், துணி நிறம் போயி நைஞ்சு போகும். கார் டிக்கில விட்டுட்டுப் போறதும் இதே கதைதான். உள்ள நியூஸ்பேப்பரை கசக்கி அடைச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு ஈரமான பேப்பரை மாத்தி, ஃபேன் காத்துல நிழல்ல வெச்சா மறுநாளைக்குள்ள பெரும்பாலும் காஞ்சுடும். வாஷிங் மெஷின் வேண்டாம், பழைய டூத் ப்ரஷ்ஷும் கொஞ்சம் லேசான சோப்பும் போதும், வாராவாரம் கழுவவும் தேவையில்ல.

மழைக்காலத்துல இன்னொண்ணு: ஷூவை வாசல்ல வெக்கறவங்க போடறதுக்கு முன்னாடி கவிழ்த்துத் தட்டிட்டுப் போடுங்க, பூரான், தேள் ஏதாவது உள்ள போயி ஒண்டிக்கும்.

முன்பக்கம் அடி ரப்பர் கொஞ்சம் விட்டுப் போனா ஃபெவிக்விக் ஊத்தாதீங்க, அது காஞ்சா கண்ணாடி மாதிரி கெட்டியாகி மடங்கறப்ப விரிசல் விடும். வளைஞ்சு குடுக்கற ரப்பர் பசை, ஃபெவிபாண்ட் மாதிரி, ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி பத்து நிமிஷம் காய விட்டு அழுத்தி ஒட்டி, மேல ஏதாவது கனமா வெச்சு ராத்திரி பூரா விடுங்க.

வாரத்துக்கு நாலு நாள் ஓடறவங்க முடிஞ்சா ரெண்டு ஜோடி வெச்சு மாத்தி மாத்திப் போடுங்க. வேர்வை முழுசா காய நேரம் கிடைக்கும். லக்சம்பர்க்ல 264 பேரை 22 வாரம் கவனிச்சு 2015ல வந்த ஆய்வுல, ஒரே ஜோடியை மட்டும் போட்டவங்களை விட வேற வேற ஷூ மாத்திப் போட்டவங்களுக்கு காயம் பட வாய்ப்பு 39 சதவீதம் கம்மியா இருந்துச்சு. ஒரே மாடல்ல ரெண்டு வாங்கறதை விட வேற வேற மாடலா இருந்தா கால்ல ஒரே இடத்துல அழுத்தம் விழாதுங்கறதுதான் அதுக்கு அவங்க சொல்ற விளக்கம்.

10. எப்ப மாத்தணும்

பொதுவா 500ல இருந்து 800 கிலோமீட்டர்னு சொல்வாங்க. எடை அதிகமா இருக்கறவங்களுக்கு 500 பக்கம், ஒல்லியா இருக்கறவங்களுக்கு 800 பக்கம்னு வெச்சுக்கலாம். வாரம் 20 கிலோமீட்டர்னா கிட்டத்தட்ட ஆறுல இருந்து ஒன்பது மாசம் வரைக்கும் வரும். ஸ்ட்ராவா மாதிரி ஆப்ல ஷூ பேரைப் போட்டு வெச்சா அதுவே கூட்டிக்கும், இல்லன்னா முதல் நாள் தேதியை இன்சோலுக்கு அடில மார்க்கர்ல எழுதி வெச்சுடுங்க.

அடி ரப்பர் நல்லா இருக்கேன்னு மட்டும் பாத்து ஓட்டாதீங்க, ரப்பர் தேயறதுக்கு முன்னாடியே உள்ள நுரை செத்துப் போயிருக்கும். பக்கவாட்டுல நுரைல படுக்கைவாட்டமா சுருக்கம் ஆழமா விழுந்து, ஷூவைக் கழட்டி வெச்சப்புறமும் அது விரியலன்னா ஒரு அடையாளம். ஜோடியை மேஜை மேல வெச்சு பின்னாடி இருந்து கண் மட்டத்துல பாருங்க, நேரா நிக்காம உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாஞ்சு நின்னா இன்னொண்ணு. குதிகால் வெளி ஓரம் கொஞ்சம் தேயறது எல்லாருக்கும் சகஜம், ரப்பர் போயி கீழ இருக்கற நுரை வேற கலர்ல தெரிய ஆரம்பிச்சா ஓட்டத்துக்கு அது முடிஞ்சது. தூரம் எதுவும் ஏத்தாம இருக்கறப்பவே முட்டியோ கெண்டைக்காலோ வலிக்க ஆரம்பிச்சா முதல்ல ஷூவோட வயசைக் கணக்கு பாருங்க.

ஒதுக்கின ஜோடியை உடனே தூக்கிப் போடாதீங்க. அடுத்த ஷூ வாங்கப் போறப்ப அதைப் பைல போட்டு எடுத்துட்டுப் போங்க. எந்த ஓரம் தேஞ்சிருக்கு, துணி எங்க கிழிஞ்சிருக்கு, இன்சோல்ல எந்த விரலோட அச்சு ஆழமா விழுந்திருக்கு, எல்லாம் அதுல இருக்கும், கடைல விவரம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா அதைப் பாத்தே சரியான மாடலை எடுத்து வெப்பாங்க. அதுக்கப்புறம் வீட்டுச் செடிக்கு தண்ணி ஊத்தவோ பைக் கழுவவோ வெச்சுக்கலாம்.